பூ மட்டும் கறுக்கவில்லை

ஜெர்மன் வெள்ளியில் துளி வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் சேர்த்து உருக்கிய கலவை அது. பார்வைக்கு வெள்ளி போல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. என் தொழிலில் இது எடுபிடிப் பையனுக்கும் தெரியும். தெரிந்தே நான், தஞ்சாவூர்க் கலைத்தட்டுகளில் வெள்ளிப் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஜெர்மன் வெள்ளிப் பூவைப் பதித்தேன். பில்லில் ‘வெள்ளி வேலைப்பாடு’ என்று எழுதினேன். வெள்ளிக்கான விலையை வாங்கினேன். கைதவறி ஒரு தடவை நடந்ததல்ல; சில ஆண்டுகள் இதையே செய்தேன்.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை, வழக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தட்டு எப்படி உருவாகிறது என்று சொல்ல வேண்டும். தட்டு தெரியாவிட்டால் திருட்டும் தெரியாது.

தஞ்சாவூர்க் கலைத்தட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வழியனுப்பு விழாவிலும் மாநாட்டு மேடையிலும் நினைவுப் பரிசாகக் கொடுப்பார்கள். நடுவில் நடராசரோ லட்சுமியோ மயிலோ இருக்கும், சுற்றிலும் பூவும் கொடியும் ஓடும். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் தொடங்கிய வேலை என்று எங்கள் வீடுகளில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இப்போது புவிசார் குறியீடும் உண்டு. அடித்தட்டு பித்தளை. அதன்மேல் உருவங்கள் செம்பிலும் வெள்ளியிலும் வரும். மெல்லிய தகட்டை அச்சின் மேல் வைத்துத் தட்டி உருவத்தைப் புடைக்க வைப்போம். தகட்டின் பின்பக்கக் குழிவில் அரக்குக் கலவையை நிரப்புவோம். அது இறுகினால்தான் கைபட்டாலும் உருவம் அமுங்காமல் நிற்கும். பிறகு பித்தளைத் தட்டில் உளியால் வரிவெட்டி, புடைப்புத் தகட்டின் விளிம்பை அந்த வெட்டுக்குள் செருகி, சுற்றி அடித்து இறுக்குவோம். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக மூன்று உலோக நிறமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதுதான் இந்த வேலையின் அழகு.

இந்தத் தட்டை எடை போட்டு விற்பதில்லை. அங்குலக் கணக்கில்தான் விற்பனை. எட்டு அங்குலம் இன்ன விலை, பன்னிரண்டு அங்குலம் இன்ன விலை. கொலுசு வாங்கினால் தராசைப் பார்ப்பவர்கள் தட்டு வாங்கும்போது பார்ப்பதில்லை. பார்த்தாலும் பயனில்லை. பித்தளை, செம்பு, அரக்கு எல்லாம் சேர்ந்த பொருளைத் தராசில் வைத்தால் அதில் வெள்ளி எத்தனை கிராம் என்று எப்படித் தெரியும்? தங்க நகைக்கு 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானது. நான் இந்த வேலையைச் செய்த காலத்தில் வெள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆக, தட்டில் எவ்வளவு வெள்ளி என்பதற்குச் செய்தவனின் வாய்ச்சொல்தான் சாட்சி. என் அப்பாவுக்கு அந்த வாய்ச்சொல் இருந்தது. அதை வைத்துத்தான் என்னிடமும் வாங்கினார்கள்.

அப்பா சாமி உருவத்தை விடப் பூவில்தான் அதிக நேரம் செலவிடுவார். நடராசருக்கு அச்சு இருக்கிறது, அவர் எப்படி நிற்க வேண்டும் என்பதும் எழுதி வைத்தது. பூவுக்குத்தான் கை வேண்டும் என்பது அவர் பேச்சு. தாமரை அடிக்கும்போது வெளியிதழைக் கொஞ்சம் தொய்வாக விடுவார், உள்ளிதழைக் குவிப்பார். நடுவிலிருக்கும் பொகுட்டில் சிற்றுளியால் புள்ளி வைப்பார். கடைசியாக ஒரு காரியம் செய்வார். சாமணத்தின் முனையால் ஒவ்வோர் இதழின் நுனியையும் பிடித்து, ஒரு மயிரிழை அளவுக்கு வெளிப்பக்கம் மடிப்பார். பார்த்தால் மடித்தது தெரியாது. விளக்கு வெளிச்சம் பட்டால்தான் தெரியும். அந்த நுனியில் வெளிச்சம் ஒரு கோடாக நிற்கும், தாமரை அன்றைக்குக் காலையில் விரிந்தது போல இருக்கும்.

நல்ல வெள்ளி இருந்தால்தான் அந்த மடிப்பு வரும். வெள்ளி இளகிய உலோகம். தட்டத் தட்ட முறுகும். நெருப்பில் காய்ச்சினால் மறுபடி பதத்துக்கு வந்துவிடும். காய்ச்சுவதும் அடிப்பதுமாக அதனுடன் பொறுமையாக இருந்தால், சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கும். ஜெர்மன் வெள்ளிக்கு அந்த இளக்கம் இல்லை. மடித்தால் விறைத்துத் திரும்பும், மீறி அழுத்தினால் நுனியில் மயிர் விரிசல் விடும். அப்பா காலத்தில் எங்கள் பட்டறையில் அதைத் தொட்டதே இல்லை. ஜெர்மன் வெள்ளியில் குத்துவிளக்கும் தாம்பாளமும் செய்து அதன் பெயரைச் சொல்லியே விற்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அது நாணயமான வியாபாரம். என்னுடைய வியாபாரம் அப்படிப்பட்டதல்ல.

2020 தொடக்கத்தில் வெள்ளி கிலோ 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊரடங்கில் கல்யாணமும் விழாவும் நின்று போயிருந்த நேரம். தட்டுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் விழாக் குழுக்கள். அவர்கள் ஒரு தொகையை முடிவு செய்துகொண்டு வருவார்கள், வெள்ளி ஏறிவிட்டது என்றால் கேட்கமாட்டார்கள். ஆர்டரை விட்டுவிடலாம். அல்லது, “இந்தத் தொகைக்கு நடுவில் மட்டும்தான் வெள்ளி வரும், பூவெல்லாம் செம்பில் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லலாம். செம்புப் பூ பித்தளைமேல் எவ்வளவு லட்சணமாக இருக்கும் தெரியுமா? சொன்னால் பாதிப் பேராவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. முதலில் வெள்ளித் தகட்டின் கனத்தைக் குறைத்துப் பார்த்தேன். இதழ் ஓரம் கிழிந்தது. பிறகு ஜெர்மன் வெள்ளித் தகடு வாங்கி வந்தேன்.

நடுவிலிருக்கும் சாமியை மட்டும் வெள்ளியிலேயே வைத்தேன். பயபக்தியால் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. யாராவது சந்தேகப்பட்டு உரைத்துப் பார்த்தால் நடு உருவத்தைத்தான் உரைப்பார்கள், பூவை யாரும் உரைக்கமாட்டார்கள் என்ற கணக்குதான். சாமியை முன்னால் நிறுத்தி அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பட்டறையில் என் அப்பா காலத்திலிருந்து வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். தகட்டைக் கையில் வாங்கியதும் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார்.

“இது என்ன தகடுப்பா?”

“பூவுக்கு மட்டும் பெரியப்பா. வெள்ளி விக்கிற விலையில கட்டுப்படியாகல.”

“வாங்குறவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிக்கலாம்.”

அவர் வேலையை எடுத்து வைத்துக்கொண்டார். கூலிக்கு இருப்பவர் வேறென்ன செய்வார்? அவர் வாயை மூடவைத்ததும் என் கணக்கில்தான் சேரும்.

அந்தத் தகட்டில் அப்பாவின் மடிப்பு வரவில்லை. பெரியப்பா எத்தனையோ விதமாக முயன்றார், இதழ் நுனி விரிசல் விட்டது. கடைசியில், “மடிப்பே வேண்டாம், தட்டையா விட்டுடுங்க” என்றேன். தாமரை சப்பையாக வந்தது. அதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஆகவே பூவின் வடிவத்தையே மாற்றினேன். இதழ்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கோடுகளை நேராக்கி, பொகுட்டை வெறும் வட்டமாக்கினேன். பித்தளைத் தட்டை விட்டுவிட்டு, ஈட்டி மரப்பலகையில் செம்பு இலையும் பித்தளைத் தண்டும் வைத்து அந்தத் தட்டைப் பூவைப் பதித்தேன். சுவரில் மாட்டுகிற அலங்காரப் பொருளாக அது புதிதாகத் தெரிந்தது. ‘நவீனத் தாமரை’ என்று பெயர் வைத்தேன்.

அது நன்றாக விற்றது. சென்னையிலிருந்து வீட்டு அலங்காரம் செய்து கொடுப்பவர்கள் வந்து வாங்கினார்கள். பாரம்பரியத்தை எளிமையாக்கி இந்தக் காலத்துக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் பாராட்டினார். எப்படி இந்த வடிவம் தோன்றியது என்று கேட்டார். நான் பெரிய கோயிலைச் சொன்னேன், கருவறை விமானத்தின் கோடுகளைச் சொன்னேன். அத்தனையும் பொய். வளையாத தகடு எந்த வடிவத்துக்கு வந்ததோ அதுதான் என் ‘நவீனத் தாமரை’. உலோகத்தில் பொய் சொன்னேன், அந்தப் பொய் பூவின் உருவத்தையும் மாற்றியது, மாறிய உருவத்துக்குக் கலை என்று பேர் வாங்கிக்கொண்டேன். காசில் ஏமாற்றியதை விட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்பாவின் தாமரையை அந்தச் சில ஆண்டுகள் என் பட்டறையில் ஒருவரும் செய்யவில்லை. கைவேலை பழகிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் தட்டைப் பூவைத்தான் பூ என்று கற்றுக்கொண்டார்கள்.

இதே ஊரில் நெட்டி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குளத்து ஓரம் வளரும் நெட்டித் தண்டை எடுத்து, கத்தியால் சீவிச் சீவிப் பூவாகவும் கோயிலாகவும் ஆக்குவார்கள். தந்தம் போல வெண்மையாக இருக்கும். தந்தம் என்று ஒருவரும் சொல்லி விற்பதில்லை. தண்டுக்கு விலையே இல்லை, கைக்குத்தான் விலை. அதற்கும் 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கடையைத் தாண்டிப் போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன்.

இனி அந்த டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து காசு போட்டு, என்னிடம் ஒரு லட்சுமி தட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் தாமரைச் சரம். அவர் அதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, பூசையறைச் சுவரில் அப்படியே மாட்டியிருக்கிறார். ஒரு நாள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பிரித்துக் காட்டினார். நடுவில் லட்சுமி கறுத்துப் போயிருந்தாள். முகம், கை, பட்டுப்புடவை மடிப்பு எல்லாம் புகை படிந்தது போலக் கருமை. சுற்றியிருந்த பூக்கள் கொஞ்சம் மங்கி மஞ்சளித்திருந்தன, அவ்வளவுதான்.

“தம்பி, சாமி மட்டும் கறுத்துப் போச்சு பாருங்க. பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல போட்டது நல்ல வெள்ளி இல்லையோ?”

வெள்ளி கறுப்பது அதன் இயல்பு. காற்றில் கலந்திருக்கும் கந்தக வாயு பட்டு மேற்பரப்பில் கறுப்புப் படலம் படியும். நிஜமான வெள்ளி என்பதற்கு அந்தக் கறுப்பும் ஓர் அடையாளம்தான். கறுக்காமல் இருந்த பூக்கள்தான் பொய். டீச்சர் நேர் எதிராகப் புரிந்துகொண்டு, சந்தேகத்தைச் சாமியின்மேல் போட்டார். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும்.

“கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் டீச்சர். மெருகு போட்டுத் தர்றேன், காசு வேண்டாம்” என்றேன்.

பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்துக் கழுவி, மெருகு ஏற்றி, மறுபடி கறுக்காமல் இருக்க அந்த உருவத்தின் மேல் வார்னிஷ் பூசிக் கொடுத்தேன். வெள்ளிக்கு வார்னிஷ் அடித்து, அதன் நிஜத்தை மூடி, பொய்யான பூவோடு ஒத்துப்போக வைத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா மூலையில் அரம் தேய்த்துக்கொண்டே, “நல்ல வெள்ளிக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டியே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி விலை என்றேன். விலை ஏறியது உண்மை, 2024-இல் கிலோ ஒரு லட்சத்தையே தாண்டியது. ஆனால் விலை ஏறினால் பொருளைக் குறைத்துச் செய்யலாம், பெயரை மாற்றக்கூடாது. ஊரடங்கில் வேலையாட்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றேன். அவர்களுடைய கூலியை நான் ஒரு ரூபாயும் கூட்டவில்லை. மிச்சப்பட்ட பணத்தில் மாடியில் ஓர் அறை கட்டினேன். எல்லாரும் செய்கிறார்கள் என்றேன். எல்லாரும் செய்யவில்லை. பூவைச் செம்பில் போட்டு, செம்பு என்று சொல்லி, குறைந்த லாபத்தில் பிழைத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டிய ஆர்டர்களும் என் ‘வெள்ளி’யின் பகட்டில் என்னிடம் வந்தன. வாங்கியவர்களை மட்டுமல்ல, அவர்களையும் நான் வஞ்சித்தேன்.

டீச்சர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வருவதற்கு வெகுகாலம் ஆனது. போய்ச் சொன்னேன். கறுத்தது நல்ல வெள்ளி, கறுக்காததுதான் வேறு உலோகம், தெரிந்தேதான் போட்டேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பூக்களைத் தடவிப் பார்த்தார்.

“எனக்குச் சொல்லிட்டீங்க, சரி. இதைக் குடுத்த பிள்ளைங்களுக்கு யாரு சொல்றது? அதுங்க வெள்ளின்னு நெனச்சுத்தானே காசு போட்டுச்சு?”

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது ஒரு தட்டைப் பற்றி. நான் விற்றவற்றில் பெரும்பகுதி பரிசுத் தட்டுகள். வாங்கியவர் ஒருவர், வைத்திருப்பவர் வேறொருவர். என்னிடம் இருப்பது பில் புத்தகத்தின் அடிச்சீட்டு மட்டும். அதில் குழுவின் பெயர் இருக்கும், தட்டு யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று இருக்காது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல முடியாது. அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். டீச்சரின் மாணவர்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் காசை ஏமாற்றியவன் நான்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது என் பட்டறையில் ஜெர்மன் வெள்ளித் தகடு இல்லை. தகட்டை வெட்டுவதற்கு முன் வெள்ளியைத் தனியாக நிறுத்து, அந்த எடையைப் பில்லில் எழுதுகிறோம். பூவைச் செம்பில் போட்டால் செம்பு என்றே எழுதுகிறோம். ஆர்டர் குறைந்திருக்கிறது. பெரியப்பா அந்த இரண்டு பையன்களுக்கும் சாமணம் பிடித்து நுனி மடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஒருவனுக்குக் கை வந்துவிட்டது. மற்றவன் இன்னும் இதழைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். அந்த வெள்ளி வீணாவதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

கலைத்தட்டோ, மரமும் உலோகமும் கலந்த வேறெந்த வெள்ளி வேலையோ வாங்குகிறவர்கள் அங்குலத்தோடு நிற்காதீர்கள். எந்தெந்த பாகம் வெள்ளி, அது எத்தனை கிராம், என்ன தரம் என்று பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

2020-க்குப் பிறகு என் பட்டறைப் பூத்தட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அதை வெளிச்சத்தில் சாய்த்து இதழ் நுனியைப் பாருங்கள். நுனி வெளிப்பக்கம் மடிந்திருந்தால் அது வெள்ளி. தட்டையாக இருந்தால் வெள்ளி இல்லை. தட்டை என்னிடம் கொண்டு வாருங்கள். பூக்களைக் கழற்றிவிட்டு வெள்ளிப் பூ பதித்துத் தருகிறேன், அல்லது நீங்கள் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறேன். பில் வேண்டியதில்லை.